தூக்கம் குறைவு: மலை எல்லையில் ஒரு தாய்-சேய் அட்டை

"குட்டிக்குத் தூக்கம் கொறவாணு, கேட்டோ" என்று மலைமேலே ஒரு சுகாதார நிலையத்தில் சிஸ்டர் சொன்னார். என் மதினி தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். பிள்ளை ராத்திரியெல்லாம் அழுகிறான் என்று அவர்தான் முதலில் சொல்லியிருந்தார், அதனால் பதிலும் பொருத்தமாகத்தான் பட்டது. வீட்டில் எல்லோரும் சேர்ந்து பிள்ளையைத் தூங்க வைக்கிற வேலையில் இறங்கினோம். பகலில் தூளி, ராத்திரி தாலாட்டு, அத்தை ஒருபடி மேலே போய் வசம்பைச் சுட்டுத் தொப்புளைச் சுற்றித் தடவினார். பிள்ளையும் நன்றாகவே தூங்கினான். மூன்று வாரம் கழித்துக் கம்பத்தில் நர்ஸம்மா தராசில் போட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மலையாளத்தில் தூக்கம் என்றால் எடை. பிள்ளைக்கு எடை குறைவு, பால் கொடுக்கிற முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும், அடுத்த வாரம் திரும்பக் கொண்டு வாருங்கள் என்றுதான் அந்த சிஸ்டர் சொல்லியிருக்கிறார்.

தமிழிலும் தூக்கு என்று ஒரு பழைய நிறுத்தல் அளவு உண்டு, யோசித்திருந்தால் பிடிபட்டிருக்கும். பச்சைப்பிள்ளைக்காரி எங்கே யோசிக்க. பனி இன்னொன்று. வண்டன்மேட்டில் டிசம்பர் மாதம் ஒரு தமிழ்த் தாயிடம் "பனி உண்டோ?" என்று கேட்டால் ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி நிறைய இருக்கு என்றுதான் சொல்வாள். கேட்டது காய்ச்சலைப் பற்றி.

சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் என்று இரண்டு மாநில அரசும் கட்டி வைத்திருக்கிற அமைப்பு, இந்தியாவிலேயே நல்ல அமைப்புகள் என்று பெயர் வாங்கிய இரண்டு அமைப்புகள், ஒன்றோடொன்று முட்டுகிற இந்த மலையோரத்தில் எங்கெங்கே இற்றுப்போகிறது என்று பார்க்க ஆரம்பித்தால் மொழி அதில் ஒரு ஓட்டை மட்டுமே. பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் இடம். கீழே தேனி மாவட்டம்: கம்பம், கூடலூர், தேவாரம், போடி. மேலே இடுக்கி மாவட்டம்: குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம், உடும்பன்சோலை, பூப்பாறை. ஏறுவதற்கு மூன்று பாதைகள், குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. 1956 நவம்பர் 1ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோது குமரியின் நான்கு தாலுகாவும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன, தமிழர்கள் நிறைய இருந்த தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. கோடு போட்டார்களே தவிர வேலையும் கல்யாணமும் கோட்டைப் பார்த்து நடக்கவில்லை. ஏலக்காய்த் தோட்டத்துக்கு விடியற்காலை ஜீப் ஏறிப் போய் சாயங்காலம் இறங்கி வருகிற பெண்கள் இன்றைக்கும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தோட்டத்திலேயே லயத்தில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருப்பவர்கள் ஒரு வகை. கீழே சொந்த வீடு, மேலே பாதி வருஷம் என்று காய் எடுப்புக்குப் போய் வருகிறவர்கள் இன்னொரு வகை. என் மதினி மூன்றாவது வகை, பிறந்த வீடு கம்பம், கட்டிக்கொடுத்தது மலைமேல், ரேஷன் கார்டு கேரளத்தில்.

இப்போது தமிழ்நாட்டு அமைப்பு. அதன் கடைசிக் கண்ணி ஊரில் இருக்கிற துணை சுகாதார நிலையம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அங்கே இருப்பவர் கிராம சுகாதாரச் செவிலியர், ஊர் வாயில் நர்ஸம்மா. அதற்கு மேலே சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், மலையில் 20,000 பேருக்கு. வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கட்டடத்தைப் பார்த்து, பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று மதிப்பெண் போடுவார்கள். உண்மையில் இந்த அமைப்பு ஒரு நோட்டுப் புத்தகம். தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணிப் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு என்று அந்த அம்மா எழுதி வைத்திருப்பதில்தான் உயிர் இருக்கிறது. எந்தத் தெருவில் யாருக்குக் கல்யாணமாகி எத்தனை மாதம், யாருக்கு நாள் தள்ளிப் போயிருக்கிறது என்பது மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் நர்ஸம்மாவுக்குத் தெரிந்த கதைகள் எங்கள் ஊரில் உண்டு.

2008 முதல் அந்த நோட்டு கம்ப்யூட்டருக்கும் போனது. பிக்மி என்று சொல்கிறார்களே, அது கர்ப்பம் முதல் குழந்தை வளரும் வரை ஒவ்வொருவராகப் பின்தொடர்கிற பதிவு. அதில் கிடைப்பது 12 இலக்க எண். ஸ்கேன் எடுக்கப் போனால் கேட்பார்கள், பிரசவத்துக்குப் போனால் கேட்பார்கள், பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். தனியார் மருத்துவமனைக்குப் போகிறவர்களும் நர்ஸம்மாவிடம் வந்து நம்பர் வாங்குவது இதனால்தான். கண்காணிப்பு என்று சிலர் எரிச்சல்படுகிறார்கள், நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஏழாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறின பெண் எட்டாம் மாதம் பரிசோதனைக்கு வரவில்லை என்றால் வீடு தேடி ஆள் வருவது அந்த நம்பர் இருப்பதால்தான்.

பரிசோதனை என்று நடப்பது என்ன என்பதையும் சொல்லிவிடலாம், ஏனென்றால் நாலு மாத்திரை கொடுத்து அனுப்புகிற இடம் என்றுதான் பலருக்கு நினைப்பு. குறைந்தது நான்கு தடவை பார்க்க வேண்டும், முதல் தடவை 12 வாரத்துக்குள். ஒவ்வொரு தடவையும் எடை, ரத்த அழுத்தம், ரத்த அளவு (ஹீமோகுளோபின்), சிறுநீரில் புரதம், குழந்தையின் இதயத் துடிப்பு. சர்க்கரைக்கு 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள், 140ஓ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை. ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சேர்த்து ஊசி. இரும்புச்சத்து மாத்திரை குறைந்தது 180 நாளைக்கு, கால்சியம் தனியாக, பூச்சி மாத்திரை ஒன்று. மாதா மாதம் 9ஆம் தேதி டாக்டரே பார்க்கிற நாள் என்று 2016இலிருந்து ஒன்றிய அரசுத் திட்டம் ஒன்றும் இருக்கிறது.

பணமும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டம் 1987இல் 300 ரூபாயில் ஆரம்பித்தது, 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 என்று ஏறியது. இந்த 18,000இல் 14,000 பணம், 4,000க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம்: பேரீச்சை, நெய், சத்துமாவு, இரும்புச்சத்து டானிக். முதல் இரண்டு பிரசவத்துக்கு, 19 வயது முடிந்த ஏழைத் தாய்மார்களுக்கு. அப்புறம் இதில் ஒரு சின்ன வார்த்தை இருக்கிறது, தமிழ்நாட்டில் வசிப்பவராக இருக்க வேண்டும் என்று. மதினி மாதிரி ஆட்களுக்கு அது சின்ன வார்த்தை இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் போனால் பெயர்கள் மாறும், எலும்புக்கூடு ஒன்றுதான். நர்ஸம்மாவின் இடத்தில் ஜூனியர் பப்ளிக் ஹெல்த் நர்ஸ், ஜனங்களுக்கு சிஸ்டர். துணை நிலையத்துக்கு இப்போது ஜனகீய ஆரோக்கிய கேந்திரம் என்று பெயர். 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய கேந்திரமாக மாற்றிக்கொண்டு வருகிறார்கள், சாயங்காலம் வரைக்கும் டாக்டர் இருப்பார், உட்கார நாற்காலி இருக்கும், டோக்கன் இருக்கும். பெரிய வித்தியாசம் இரண்டு. ஒன்று, 1996இல் மக்கள் திட்டம் வந்த பிறகு அங்கே இந்த நிலையங்கள் பஞ்சாயத்தின் கையில் இருக்கின்றன, வார்டு உறுப்பினரிடம் போய்ச் சண்டை போடலாம். நம் பக்கம் சுகாதாரத் துறை தனி வரிசையாகச் சென்னையிலிருந்து இறங்கி வருகிறது, பஞ்சாயத்துத் தலைவருக்கு நர்ஸம்மாவிடம் கேட்க முடியுமே தவிரச் சொல்ல முடியாது. இரண்டாவது, கேரளத்தில் வார்டுக்கு வார்டு ஆஷா பணியாளர், அதாவது வீடு வீடாகப் போகிற சுகாதாரப் பணியாளர், உண்டு. தமிழ்நாடு மலைப்பகுதிகளிலும் பழங்குடிப் பகுதிகளிலும் மட்டும்தான் ஆஷாவை வைத்திருக்கிறது, மற்ற இடத்தில் எல்லாச் சுமையும் நர்ஸம்மா தலையில். கேரளத்து ஆஷாக்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது, ஊதியம் போதவில்லை என்று 2025இல் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்தார்கள்.

சரி, இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது, மருந்து இருக்கிறது, நோட்டு இருக்கிறது. பிறகு எங்கே ஓட்டை?

புதன்கிழமையில். தடுப்பூசி நாள் இரண்டு பக்கமும் பெரும்பாலும் புதன்தான். ஏன் தினமும் போடக் கூடாது என்று கேட்டால் பதில் குப்பியில் இருக்கிறது. பிறந்தவுடன் போடுகிற காசநோய்த் தடுப்பூசியும், ஒன்பது மாதம் முடிந்து போடுகிற தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் தூளாக வருகிறவை, ஒரு குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும். கரைத்துவிட்டால் 4 மணி நேரம்தான், மிச்சத்தைக் கொட்டியாக வேண்டும். ஒரு பிள்ளைக்காக ஒரு குப்பியை உடைக்க நர்ஸுக்கு மனசு வராது, மேலே கேள்வியும் வரும். அதனால் பிள்ளைகளைச் சேர்த்து ஒரே நாளில் வரச் சொல்கிறார்கள். பெட்டியில் ஐஸ் வைத்து 2 முதல் 8 டிகிரிக்குள் மருந்தைக் கொண்டுவந்து, மத்தியானத்துக்குள் முடித்து, மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த ஏற்பாட்டில் தப்பே கிடையாது, ஊரில் இருக்கிற தாய்க்கு.

ஜீப்பில் போகிற தாய்க்கு? விடியற்காலை அவள் ஜீப்பில் ஏறும்போது கீழே நிலையம் திறக்கவில்லை. அவள் மேலே தோட்டத்தில் இருக்கும்போது அங்கே சிஸ்டர் ஊசி போட்டுக்கொண்டிருக்கிறார், ஆனால் பிள்ளை கீழே பாட்டியிடம் இருக்கிறது. இறங்கி வரும்போது பெட்டி திரும்பிப் போயாச்சு. ஒரு புதன்கிழமை லீவு போட்டால் அன்றைய கூலி போச்சு, ஊசி போட்ட ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் வியாழக்கிழமைக் கூலியும் போச்சு. அதிலும் காய் எடுப்பு மும்முரமாக இருக்கிற மாதங்களில் ஜீப்பில் ஒரு தடவை இடம் விட்டால் கங்காணி அடுத்த ஆளைச் சேர்த்துவிடுவார். ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று வரிசையாக வருகிற ஊசிகள் வரைக்கும் தாய் வீட்டில் இருப்பாள், ஒழுங்காக நடந்துவிடும். ஒன்பது மாத ஊசியும் ஒன்றரை வயது ஊசியும்தான் விட்டுப்போகும், ஏனென்றால் அதற்குள் வேலைக்குப் போயிருப்பாள். எங்கள் தெருவில் நான் பார்த்த விட்டுப்போன ஊசிகள் அத்தனையும் இந்த இரண்டில் ஒன்று.

இந்த இடத்தில் தாயின் அலட்சியம் என்று ஒரு வார்த்தை சுலபமாக வந்து விழும். கூட்டங்களில் கேட்டிருக்கிறேன், விழிப்புணர்வு போதவில்லை என்று. என்ன விழிப்புணர்வு? ஊசி எதற்கென்று அந்தப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். அவர்களிடம் இல்லாதது புதன்கிழமை.

அடுத்த ஓட்டை தலைப்பிரசவம். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டி வருவது நம் வழக்கம், அது பிள்ளைத்தாய்ச்சிக்குக் கிடைக்கிற ஒரே ஓய்வும்கூட, அதை யாரும் குறை சொல்லிவிட முடியாது. ஆனால் பதிவேட்டின் கண்ணில் பார்த்தால் முதல் ஆறேழு மாதம் ஒரு நோட்டில், பிரசவம் இன்னொரு நோட்டில், பிறகு பிள்ளைக்கு மூன்றோ ஐந்தோ மாதமானதும் மறுபடி முதல் நோட்டுக்கு. ஒரே மாவட்டத்துக்குள் என்றாலே நர்ஸம்மாக்கள் போன் போட்டுப் பேசி ஒழுங்கு பண்ண வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுப் பதிவில் இப்படி வருகிறவர்களுக்கு விசிட்டர் என்றே பெயர். மாநிலம் மாறினால் அந்த போன்கூட நடப்பதில்லை, யாருக்கு யாருடைய நம்பர் தெரியும்? மதினி ஏழாம் மாதம் கீழே வந்தபோது கையில் மலையாள அட்டை. ரத்த வகை, ரத்த அளவு, போட்ட ஊசி எல்லாம் அதில் இருந்தது. எண்கள் நமக்கும் புரியும், கையெழுத்தில் எழுதியிருந்த குறிப்பு யாருக்கும் புரியவில்லை. எதற்கு வம்பு என்று ரத்தம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்தார்கள், முதல் ஆறு மாதத்தில் கால் வீக்கம் இருந்தது என்ற குறிப்பு மட்டும் எங்கேயும் ஏறவில்லை. நல்லவேளை ஒன்றும் ஆகவில்லை.

2020இல் தொற்றுக்காக எல்லைச் சாலைகளை அடைத்தபோது இது எத்தனை குடும்பத்துக்கு இருக்கிற பிரச்சினை என்று ஒரே வாரத்தில் தெரிந்தது. கீழே பிரசவத்துக்கு வர வேண்டியவர்கள் மேலே, மேலே திரும்ப வேண்டியவர்கள் கீழே. 108 விஷயமும் அப்படித்தான். இரண்டு மாநிலத்திலும் நம்பர் ஒன்றுதான், ஆனால் மலை விளிம்பில் எந்த டவர் மாட்டுகிறதோ அந்த மாநிலத்து ஆள்தான் எடுப்பார். பனிக்குடம் உடைந்து நிற்கிறபோது எந்த ஊர், எந்தத் தாலுகா என்று தெரியாத மொழியில் விளக்குவது எப்படி இருக்கும் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் இங்கே பல வீடுகளில் 108க்கு முன்னால் ஜீப்காரருக்குத்தான் போன் போகிறது.

ரத்தசோகை பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பிரசவத்தில் சிக்கல் என்று வருவதில் பாதிக்கு அடியில் அதுதான் கிடக்கிறது. ரத்த அளவு 11க்குக் கீழே போனால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை, 7க்குக் கீழே போனால் கடுமையானது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48 சதவீதம் பேருக்கும் கேரளத்தில் 31 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. மாத்திரை கொடுக்கிறார்கள், வாங்குகிறார்கள், பிறகு என்ன ஆகிறது? குமட்டும், மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடுவார்கள். கறுப்பாகப் போவது மாத்திரையால்தான், அதில் பயப்பட ஒன்றுமில்லை என்று ஒரு வரி முதல் நாளே சொன்னால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். அப்புறம் டீ. தோட்டத்து வேலையில் டீதான் சாப்பாடு மாதிரி, காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மேலே கட்டஞ்சாயா. டீயில் உள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். மாத்திரையை டீயோடு விழுங்கினால் அதில் பாதி வீண். கால்சியம் மாத்திரையும் அதே கதை, இரண்டையும் ஒரே நேரத்தில் போடக் கூடாது. ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு மாதிரி ஏதாவது புளிப்போடு போட்டால் நன்றாகச் சேரும். இதை எந்த போஸ்டரிலும் தேயிலை, ஏலத் தோட்டத்துக்கு என்று தனியாக எழுதி நான் பார்த்ததில்லை.

பொதுவாகக் கேரளம் என்றால் எல்லோரும் சொல்கிற எண் குழந்தை இறப்பு. 2020 கணக்கில் ஆயிரம் பிறப்புக்குக் கேரளத்தில் 6, தமிழ்நாட்டில் 13, இந்தியா முழுக்க 28. பிரசவத்தில் தாய் இறப்பது 2018-20 கணக்கில் லட்சத்துக்குக் கேரளம் 19, தமிழ்நாடு 54, இந்தியா 97. சந்தேகமே வேண்டாம், பெரிய சாதனை. ஆனால் அதே 2019-21 ஆய்வில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டில் 25 சதவீதம், கேரளத்தில் 23. கிட்டத்தட்ட ஒன்றே. எல்லாத் தடுப்பூசியும் போட்ட ஒரு வயதுப் பிள்ளைகள் தமிழ்நாட்டில் 89 சதவீதம், கேரளத்தில் 78. பிள்ளையைச் சாகாமல் காப்பாற்றுவது ஆஸ்பத்திரியால் முடிகிறது. பிள்ளையை வளர்ப்பதற்கு அரிசி, கூலி, தாய்க்கு ஓய்வு, பார்த்துக்கொள்ள ஆள் என்று வேறு பட்டியல் தேவைப்படுகிறது, அது ஆஸ்பத்திரி மதில் சுவருக்கு வெளியே இருக்கிறது என்றுதான் எனக்கு இந்த எண்களைப் பார்க்கும்போது தோன்றுகிறது.

இன்னொன்று, மாநிலச் சராசரி என்பது மாநிலம் முழுக்கப் பரவின எண் இல்லை. பாலக்காட்டின் அட்டப்பாடி நினைவிருக்கும். நம் ஆனைக்கட்டிக்கு அடுத்த பக்கம், அகளி, ஷோலயூர், புதூர் என்று மூன்று பஞ்சாயத்து, இருளர், முடுகர், குறும்பர் மக்கள். பெரிய மாநிலங்களிலேயே குழந்தை இறப்பு குறைவான மாநிலத்துக்குள் 2013இல் அங்கே அடுத்தடுத்துப் பச்சைக் குழந்தைகள் இறந்தன. குறைமாதம், எடை குறைவு, தாய்க்கு ரத்தம் இல்லை. நிலம் கைவிட்டுப் போய், ராகியும் சாமையும் விளைந்த இடத்தில் ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சின பிறகு வந்த விளைவு அது. கோட்டத்தரையில் பழங்குடியினருக்கான சிறப்பு மருத்துவமனை இருந்தும், சிக்கலான கேஸ் என்றால் மண்ணார்க்காடு, பெரிந்தல்மண்ணை, திருச்சூர் என்று மலை இறங்க வேண்டும், இல்லையென்றால் எல்லை தாண்டிக் கோயம்புத்தூர். பிறகு ஊர்தோறும் சமூகச் சமையற்கூடம் வந்தது, ஆட்கள் வந்தார்கள். சாவு செய்தியாகும் வரைக்கும் யாரும் வரவில்லை என்பதுதான் உறுத்துகிறது.

பழைய கதை ஒன்று. அந்த மகப்பேறு உதவித் திட்டத்துக்குப் பெயரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தது 1886 ஜூலை 30, புதுக்கோட்டை சமஸ்தானம். திருவிதாங்கூரில் மேரி புன்னன் லூக்கோஸ் பிறந்தது அதே ஆண்டு ஆகஸ்ட் 2. மூன்று நாள் இடைவெளி. பெண் என்பதால் அங்கே அறிவியல் படிப்பில் இடம் மறுக்கப்பட்ட லூக்கோஸ் லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையில் பிரசவம் பார்த்து, மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்து, 1938இல் சமஸ்தானத்தின் சர்ஜன் ஜெனரல் ஆனார். ஆரம்பம் இவ்வளவு முன்னாலேயே இருந்தும் தோட்டங்கள் அந்த வரைபடத்துக்கு வெளியே தனி நாடாக இருந்தன. மருந்தும் டாக்டரும் பிள்ளை காப்பகமும் முதலாளி பொறுப்பு. சுதந்திரத்துக்குப் பிறகு 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டமும் அதையே சட்டமாக்கியது: பெண் தொழிலாளர் 50 பேரோ அதற்கு மேலோ இருந்தால் காப்பகம், தோட்டத்துக்குள் மருத்துவ வசதி. 5 ஹெக்டேர், 15 ஆள் என்ற அளவுக்குக் கீழே இருந்த தோட்டங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தவில்லை. ஏலத்தோட்டங்களில் நிறையச் சின்னத் தோட்டங்கள். பெரிய தேயிலைத் தோட்டங்களிலும் 2000க்குப் பிறகு பீர்மேடு பக்கம் பல மூடியபோது ஆஸ்பத்திரியும் காப்பகமும் கூடவே மூடின, லயத்தில் ஜனங்கள் மட்டும் மிஞ்சினார்கள். பேறுகால விடுப்பு 2017 முதல் 26 வாரம் என்று சட்டம் சொல்கிறது, அதற்கு முந்தின ஒரு வருஷத்தில் 80 நாள் வேலை செய்த கணக்கு காட்ட வேண்டும். ஜீப்பில் கங்காணி மூலம் நாளுக்கு ஒரு தோட்டம் என்று போகிறவளுக்கு அந்த 80 நாளை யார் எழுதித் தருவது?

அங்கன்வாடியைச் சொல்லாமல் விட்டால் அத்தை கோபித்துக்கொள்வார். அவருக்கு இன்னும் அது பால்வாடிதான். 1975 அக்டோபர் 2இல் நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கிய திட்டம். தமிழ்நாடு 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டு, எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் கூடுதல் உணவு என்று வேறு மாதிரி ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. உலக வங்கிப் பணத்தில் நடந்தது, ஆனால் எடை போடுவது என்ற பழக்கம் நம் ஊர்களில் ஊறினது அதனால்தான். இன்றைக்கு இந்தப் பக்கம் சத்துமாவு, அந்தப் பக்கம் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் தயாரிக்கிற அமிர்தம் பொடி, கோதுமை, கடலை, சோயா, சர்க்கரை எல்லாம் கலந்தது. இரண்டையும் சாப்பிட்ட ஆள் என்ற முறையில் சொல்கிறேன், அமிர்தம் பொடி ருசி. எங்கள் வீட்டுப் பிள்ளை மேலே பதிவு, கீழே பாட்டியிடம் வளர்ந்தான், அதனால் கொஞ்ச நாள் பொடி மலையில் வாங்கி ஜீப்பில் இறங்கியது. தாத்தாதான் பாதியைக் கஞ்சி போட்டுக் குடித்தார் என்பது வேறு கதை.

என்ன செய்யலாம் என்றால், புதுக் கட்டடம் கேட்க எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ஜீப் கிளம்புகிற இடத்தில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊசி. விட்டுப்போன பிள்ளைகள் பட்டியலைத் தேனியும் இடுக்கியும் மாதத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வது. தமிழர் அதிகமாக இருக்கிற வார்டுகளில் தமிழ் பேசுகிற ஆஷா, தமிழில் அச்சிட்ட அட்டை, கேரளத்தில் தமிழ் சிறுபான்மை மொழியாகச் சட்டத்திலேயே இருக்கிறதே. காய்ச்சலுக்கும் எடைக்கும் வயிற்றுப்போக்குக்கும் இரண்டு மொழியிலும் ஒரு பக்கச் சொற்பட்டியல் சுவரில் ஒட்டினால் அதற்கு எவ்வளவு ஆகிவிடும்?

அதுவரைக்கும் எல்லை தாண்டுகிற வீடுகள் தாங்களே செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. நாள் தள்ளிப்போன உடனே எந்தப் பக்கம் இருக்கிறீர்களோ அந்தப் பக்கம் பதிந்துவிட வேண்டும், பிரசவம் எங்கே என்று முடிவாகட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அம்மா வீட்டுக்கு வரப்போகிறோம் என்றால் ஐந்தாம் மாதமே கீழே நர்ஸம்மாவிடம் சொல்லி வைத்தால் பிக்மி நம்பர் விஷயத்தை அவர் பார்த்துக்கொள்வார். கிளம்புவதற்கு முன்னால் மேலே சிஸ்டரிடம் கையெழுத்துக் குறிப்புகளை மட்டும் ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்லலாம், செய்து கொடுப்பார்கள். தடுப்பூசிக்கு இப்போது யு-வின் என்று நாடு முழுக்க ஒரே பதிவு வந்திருக்கிறது, ஒரே போன் நம்பரைக் கொடுத்தால் எந்த மாநிலத்தில் போட்ட ஊசியும் அதில் ஏறும். புருஷன் நம்பர் ஒரு தடவை, மாமனார் நம்பர் ஒரு தடவை என்று கொடுத்தால் ஒரு பிள்ளை இரண்டு பிள்ளையாகிவிடும். ஊசி தவறிப்போனால் முதலிலிருந்து ஆரம்பிக்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள், அதனால் திட்டுவார்கள் என்று பயந்து ஒளிய வேண்டாம்.

அட்டையின் பின்பக்கத்தையும் பாருங்கள். வளர்ச்சி வரைபடம் அங்கே இருக்கும், ஆண் பிள்ளைக்கு நீலம், பெண் பிள்ளைக்கு இளஞ்சிவப்பு. குறுக்கே மாதம், நெடுக்கே எடை. புள்ளி பச்சையில் இருந்தால் சரி, மஞ்சளில் இருந்தால் எடை குறைவு, ஆரஞ்சில் இருந்தால் அன்றைக்கே டாக்டர். எந்த மொழியும் தேவையில்லை. பின்னால் ஒரு நாள் மதினியின் பழைய மலையாள அட்டையைப் பிரித்துப் பார்த்தேன். அந்த சிஸ்டர் தூக்கம் கொறவாணு என்று சொன்ன அதே தேதியில் பேனாவால் அழுத்தமாக ஒரு புள்ளி, மஞ்சள் பட்டையில்.